வேலைக்கு வர்ற அக்கா

சுண்டுவுக்கு வேலைக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. கிடைத்தவர்கள் நிற்கவில்லை, அதுதான் தலைவலி.

அவளுடைய தோட்டக் கம்பெனி என்பது ஒரு பழைய வேன், புல் வெட்டும் மெஷின் ஒன்று, முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டாங்கி ஒன்று, அப்புறம் மண்வெட்டி, கத்தரி, கூடை, குழாய் என்று வேனின் பின்பக்கம் உருண்டுகொண்டிருக்கும் சில சாமான்கள். இவற்றை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டி, செடி நட்டு, வேலி கத்தரித்துக் கொடுப்பாள். கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது. ஆகவே உர மூட்டையைத் தூக்குவதும் அவள்தான், வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டிப் பேசுவதும் அவள்தான். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்த ஒரு நாள், 'தோட்ட வேலைக்கு உதவியாள் தேவை, பகுதி நேரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மளிகைக் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டு வந்தாள்.

வந்தார்கள். ஒருத்தன் வந்ததும் வராததுமாக, நிழலில் உட்கார்ந்து செய்கிற மாதிரி வேலை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தான். ஒரு பெண் நன்றாகத்தான் செய்தாள்; மண்ணைக் கிளறும்போது ஒரு புழு நெளிந்தது, மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியவள் ஓடியவள்தான். நிறையப் படித்த இன்னொருத்தன் செடிகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசினான், ஒரு செடியைக்கூடத் தொடவில்லை. கடைசியாக வந்தவன் கெட்டிக்காரன். சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் கிளம்பிப் போனான்; போகும்போது நல்ல கத்தரியையும் எடுத்துக்கொண்டு போனான். சித்தப்பாவுக்கு இன்னும் குணமாகவில்லை போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி வந்தாள்.

அண்ணி என்றால் சுண்டுவின் ஒரே அண்ணனுடைய மனைவி. அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது சுண்டு பள்ளிக்கூடப் பிள்ளை. அம்மா போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. புது அண்ணியின் சுண்டுவிரலைப் பிடித்த பிள்ளை, பிறகு விடவே இல்லை. கடைக்குப் போனாலும் விரல், மாடியில் துணி காயப் போட்டாலும் விரல், புருஷனும் பெண்டாட்டியும் சினிமாவுக்குக் கிளம்பினாலும் நடுவில் வந்து விரல். 'சுண்டு' என்று பெயர் வைத்ததே அண்ணிதான். பேன் பார்த்தது, அண்ணன் அடிக்கக் கை ஓங்கியபோதெல்லாம் குறுக்கே வந்து நின்றது, தோட்டத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று இவள் சொன்னபோது எல்லோரும் சிரிக்க, "செய்யட்டுமே, என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்டது, எல்லாம் அவள்தான். சுண்டுவுக்கு இப்போது முன்தலை நரைத்துவிட்டது. அண்ணிக்கு மட்டும் அவள் இன்னும் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைதான்.

"மளிகைக் கடையில ஒரு காகிதம் பாத்தேன்," என்றாள் அண்ணி, டீயை ஊதிக்கொண்டே. "எழுத்து கோணல் மாணலா இருந்துச்சு, உன்னோடதுதான்னு நெனச்சேன். ஆள் கெடச்சாச்சா?"

"எங்க அண்ணி? வர்றவன் எல்லாம் இருக்கிற சாமானையும் சேத்துத் தூக்கிட்டுப் போறான்."

"அப்ப நான் வரட்டுமா?"

சுண்டு சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சுண்டுவுக்கு உறைத்தது. அண்ணன் வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள் என்பதும், அதோடு முதுகு வலி வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்றுதான் அவள் கேட்டதில்லை.

"உங்க அண்ணன் டி.வி.யப் பாக்குறாரு, நான் உங்க அண்ணனைப் பாக்குறேன். ரெண்டு நிகழ்ச்சியும் சகிக்கல," என்றாள் அண்ணி. "மத்தவங்களுக்கு என்ன குடுப்பியோ அதையே எனக்கும் குடு. சும்மா குடுத்தேன்னு வை, உன் வீட்டுப் பக்கமே வர மாட்டேன்."

"உங்களைப் போயி எப்படி அண்ணி நான் வேலை வாங்குறது?"

"ஏன், மண்ணைத் தொட்டா கரைஞ்சா போயிடுவேன்? நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், அதைச் சொல்லுடி."

அண்ணி பிரமாதமான வேலைக்காரி என்று பொய் சொல்ல முடியாது. களை பிடுங்கச் சொன்னால் பாதிச் செடியும் கூட வரும். தண்ணீர் விடச் சொன்னால், பாத்திரம் கழுவுகிற கை அல்லவா, இலை இலையாகத் தேய்த்து விடுவாள். ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பாள், உரக் கூடையைத் தூக்க முகம் சுளிக்க மாட்டாள், ஒரு வேலையைக் காட்டிவிட்டால் முடிக்காமல் நிமிர மாட்டாள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. யார் யாருக்கு முதலாளி என்பதுதான் அண்ணிக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

"ஏ சுண்டு! தொப்பியைப் போடுடி, மண்டை காயுது!" என்று புல்வெளியின் அந்தக் கோடியிலிருந்து கத்துவாள். "சாப்பிட்டுட்டு மெஷினைத் தொடு, சொல்லிட்டேன்!" என்பாள். வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று சிரிப்பார்கள். ஒரு வீட்டில், "சுண்டு மேடம், அடுத்த தடவை எப்ப வருவீங்க?" என்றே கேட்டுவிட்டார்கள். சுண்டுவும் சிரித்தாள். சிரித்துவிட்டு வேனில் ஏறியபோது உள்ளுக்குள் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பாடுபட்டு ஒரு கம்பெனி, அதில் முதலாளியம்மாளின் பெயர் சுண்டு. அதற்கு மேல், அண்ணி செய்த வேலை கோணலாக இருந்தால் சொல்லவும் நாக்கு எழாது. "அந்த மூலையில கொஞ்சம் அண்ணி..." என்று இழுப்பாள். அண்ணி "எந்த மூலை?" என்பாள். "ஒண்ணுமில்ல, விடுங்க," என்று பிறகு தானே போய்ச் செய்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரிய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நான்கு மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, முன்னால் பரந்த புல்வெளி, வாசலுக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு வேலிச் செடி. இந்த ஒரு இடம் கைக்கு வந்தால் வருஷம் முழுக்க வேலை. வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. அண்ணியையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். சுண்டு அன்று இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனாள்.

அங்கே மேலாளர் ஓர் ஒல்லியான அம்மாள். கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கும். எதைப் பார்த்தாலும் தூசி இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு வாசலில் நின்று சொன்னார்.

"இதுக்கு முன்னாடி பாத்துக்கிட்டவன் குடும்பத்தோட வந்தான். மச்சான், மாமா, மாமா பையன்னு ஒரு கூட்டம். ஒருத்தன் தப்பு பண்ணுவான், இன்னொருத்தன் மறைப்பான். கேட்டா எல்லாரும் சேந்து வானத்தைப் பாப்பானுங்க. எனக்கு இனிமே உறவுக்காரக் கூட்டமே வேண்டாம். உங்ககிட்ட எப்படி?"

அவர் பார்வை அண்ணியின் பக்கம் போயிற்று. அண்ணி குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே, கண்ணாடிக் கட்டடத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மேடம்," என்றாள் சுண்டு. "இவங்க வேலைக்கு வர்ற அக்கா."

வாய் கூசாமல் வந்துவிட்டது. அக்கா என்பதில் என்ன இருக்கிறது? காய்கறி விற்கிறவளும் அக்கா, பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் அவளும் அக்கா, வழி கேட்கிற இடத்தில் நிற்கிற முகம் தெரியாதவளும் அக்கா. அந்த வார்த்தையை யார் மேல் வேண்டுமானாலும் போடலாம். அண்ணி அப்படியில்லை. சுண்டுவுக்கு உலகத்தில் அண்ணி என்று கூப்பிட இருந்தது ஒரே ஒருத்திதான். அவளைத்தான் இவள் அக்கா ஆக்கினாள்.

அண்ணி கட்டடத்திலிருந்து கண்ணை எடுத்தாள். சுண்டுவைப் பார்த்தாள். பிறகு மேலாளரைப் பார்த்து, "வணக்கம்ங்க," என்றாள்.

திரும்பும்போது வேனில் சுண்டு கியரை இரண்டு முறை தப்பாகப் போட்டாள். சிக்னலில் நின்றபோது அண்ணியே ஆரம்பித்தாள்.

"பரவாயில்ல, டக்குனு சமாளிச்சிட்டே. நானா இருந்தா உளறியிருப்பேன்."

"இல்ல அண்ணி, அந்தம்மா அப்படிக் கேட்டதும்..."

"புரியுதுடி. பொழப்பு முக்கியம். இனிமே அங்க நான் உன்னை எப்படிக் கூப்பிடணும்? முதலாளியம்மான்னா?" சொல்லிவிட்டு அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மேடம்! அதான் நல்லா இருக்கு. மேடம், தொப்பியைப் போடுங்க மேடம்!"

சுண்டுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "அங்க மட்டும்தான் அண்ணி," என்றாள் சுண்டு. "அங்க மட்டும்தான்," என்றாள் அண்ணி.

வேலை கிடைத்தது. அண்ணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அளவுக்கு மேலேயே காப்பாற்றினாள். அலுவலக வாசலில் வேன் நுழைந்ததும் வேறு ஆளாகிவிடுவாள். "இதை எங்க வைக்கட்டும் மேடம்?" என்பாள். "நீங்க சொன்ன மாதிரியே வெட்டிட்டேங்க," என்பாள். முதலில் சில நாள் சொல்லிவிட்டுக் கண்ணால் சிரிப்பாள். பிறகு அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று சுண்டு கவனிக்கவில்லை.

கவனிக்காததற்குக் காரணம் உண்டு. அவளுக்கு அது சௌகரியமாக இருந்தது. அண்ணியிடம் சொல்ல முடியாததையெல்லாம் அக்காவிடம் சொல்ல முடிந்தது. "அக்கா, அந்தப் பக்கம் விட்டுட்டீங்க பாருங்க." "அக்கா, பேச்சைக் கொறைச்சிட்டுச் சீக்கிரம் முடிங்க." நாக்கு தடுக்கவே இல்லை. புல்வெளியின் நடுவில் நின்றுகொண்டு கையை நீட்டிச் சொல்வதில் ஒரு மிடுக்குகூட வந்தது. யாரும் அவளைச் சுண்டு என்று கூப்பிடாத ஓர் இடம் உலகத்தில் இருந்தது, அங்கே அவள் முதலாளியாக இருந்தாள். அது பிடித்திருந்தது என்பதுதான் உண்மை, அதைப் பூசி மெழுகிப் பயனில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வெகு தூரம் வந்த பிறகு, ஓட்டிக்கொண்டே, "அக்கா, அந்தத் தண்ணி பாட்டிலை எடுங்க," என்றாள். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திருத்தியிருக்கலாம். ஒரு 'சீ' போட்டுச் சிரித்திருந்தாலே போதும். அவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள். அண்ணி மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டினாள்.

"இந்தாங்க," என்றாள்.

அடுத்து நடந்ததற்கு அந்த மருந்து டாங்கிதான் காரணம் என்று சொன்னால் பாவம், டாங்கி என்ன செய்யும்? இருப்பதோ ஒரே டாங்கி. பூச்சிக்குச் சோப்புக் கரைசல் அடிப்பதும் அதில்தான், வேண்டாத புல்லைக் கருக்கக் களைக்கொல்லி அடிப்பதும் அதில்தான். அதற்காகச் சுண்டு ஒரு வழி வைத்திருந்தாள். களைக்கொல்லி ஊற்றினால் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாள். நன்றாக அலசிக் கழுவிய பிறகுதான் அவிழ்ப்பாள். துணி இருந்தால் விஷம், இல்லாவிட்டால் சுத்தம். அண்ணி வந்த முதல் நாளே இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அந்த வாரம் ஒரு வீட்டுக் கார் பாதையில் களைக்கொல்லி அடித்துவிட்டு அவசரமாகக் கிளம்பினாள். வேனின் பின்கதவு சாத்தவில்லை, கொக்கி தேய்ந்துபோயிருந்தது. கைக்கு எட்டியது அந்தச் சிவப்புத் துணிதான். டாங்கியிலிருந்து அவிழ்த்து, கதவை இழுத்துக் கட்டினாள். வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய் மறந்துபோனாள்.

மறுநாள் அலுவலகத்தில் வேலிச் செடியில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. சோப்புக் கரைசல் அடிக்கச் சொல்லிவிட்டு அவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அண்ணி டாங்கியை ஆட்டிப் பார்த்தாள்.

"அடியில என்னமோ கெடக்குதுங்க மேடம். கழுவிட்டுக் கலக்கட்டுமா?"

"துணி கட்டியிருக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்ன? அது பழைய சோப்புத் தண்ணியா இருக்கும். கலந்து அடிங்க அக்கா, நேரமாவுது," என்று சொல்லிவிட்டுச் சுண்டு மறுபடியும் போனில் பேசப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். வாசலுக்கு இரண்டு பக்கமும் வேலி மஞ்சளாகக் கருகி நின்றது. தொட்டால் இலை உதிர்ந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஆட்கள் வரப்போகிற நேரம். மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல யாரு மருந்தடிச்சது?"

சுண்டுவின் கண் தானாக வேனுக்குப் போயிற்று. பின்கதவில் சிவப்புத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அண்ணியும் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவள் வருஷம் முழுக்க வரப்போகிற வேலையை நினைத்தாள்.

"அக்கா!" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "டாங்கியைக் கழுவாமலா அடிச்சீங்க? எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? ஒரு வேலையை ஒழுங்கா செய்யத் தெரியாதா உங்களுக்கு?"

அண்ணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் வேன் கதவைக் காட்டியிருப்பார்கள். நீங்கதானே கலக்கச் சொன்னீங்க என்று கேட்டிருப்பார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான் மேடம்," என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேலாளர் வாயே திறக்கவில்லை, ஆளை அனுப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பயந்தவளுக்கு நிறுத்தத் தெரியாது. "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்," என்று சுண்டு தானாகவே சொன்னாள். சொல்லிவிட்டு, சரிதானே என்பது போல மேலாளரின் முகத்தைப் பார்த்தாள். மேலாளர் கிளையை மெதுவாகக் கீழே விட்டார்.

வேனில் ஏறியதும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. அதெல்லாம் சும்மா நடிப்பு அண்ணி, செடிக்கு நான் பொறுப்பு என்று சொன்னால் அண்ணி ஒரு திட்டுத் திட்டிவிட்டுச் சிரித்துவிடுவாள். ஆனால் அண்ணி கையுறையைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாக வேன் படியில் வைத்தாள். தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வேனைத் தாண்டி, வாயிலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைப் பார்க்க நடந்தாள். பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். மேலாளர் வாசலில் நின்றுகொண்டிருந்ததால் சுண்டு ஓடவில்லை.

அன்று முதல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன் செய்தால் மணி அடித்து ஓய்ந்தது. மண்ணைக் கொத்தும்போது, பல் தேய்க்கும்போது, சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "ஒரு வேலையை ஒழுங்கா செய்யத் தெரியாதா" என்கிற தன் குரலே காதில் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கருகிய வேலியைத் தோண்டி எடுத்துவிட்டுத் தன் செலவில் புதிதாக நட்டாள். நட்டு முடித்தும் மனசு ஆறவில்லை. கை கால்கூடக் கழுவாமல் மேலாளரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"மேடம், செடி கருகினதுக்கு நான்தான் காரணம். டாங்கியைக் கழுவாம வெச்சதும் நான், கலந்து அடிங்கன்னு சொன்னதும் நான். அவங்க கழுவட்டுமான்னு கேட்டாங்க. அப்புறம்... அவங்க வேலைக்கு வந்த அக்கா இல்ல. என் அண்ணி. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

மேலாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"தெரியுமே," என்றார்.

"எது மேடம்?"

"அவங்க உங்க அண்ணின்னு. நீங்க வர ஆரம்பிச்ச புதுசுலயே தெரியும். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி உள்ள வந்து நின்னாங்க. உக்கார வெச்சு டீ குடுத்தேன். நீங்க மழையில நனைஞ்சுகிட்டே தொட்டியெல்லாம் நகத்திட்டிருந்தீங்க. அதைப் பாத்துட்டு, 'அது என் நாத்தனாருங்க, நான் வளத்த புள்ள, ஒத்தையாளா நின்னு ஒரு கம்பெனியே நடத்துது பாருங்க'ன்னு அவங்களுக்கு ஒரே பெருமை. அப்புறம்தான் நாக்கைக் கடிச்சுகிட்டாங்க. 'நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க, சங்கடப்படுவா'ன்னாங்க. நானும் சொல்லல."

"அப்ப அன்னைக்கு, நான் அவங்களைத் திட்டினப்ப..."

"தெரிஞ்சுதான் நின்னுட்டிருந்தேன்."

சுண்டு தன் கையைப் பார்த்தாள். நகத்தில் எல்லாம் மண். அந்த அம்மாள் முன்னால் அவள் துணியில்லாமல் நிற்பது போலிருந்தது. அன்று மட்டுமில்லை, அத்தனை மாதமும், அக்கா அக்கா என்று மிடுக்காகக் கை நீட்டிய ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். தெரியாதது அவளுக்கு மட்டும்தான்.

"உறவுக்காரங்க வேண்டாம்னு நான் சொன்னது எதுக்கு? ஒருத்தர் தப்பை ஒருத்தர் மூடி மறைப்பாங்கன்னுதான்," என்றார் மேலாளர். குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. "உங்க விஷயத்துல அந்தக் கவலையே இல்லைன்னு அன்னைக்கே பாத்துட்டேன். நீங்க தாராளமா தொடர்ந்து வரலாம்."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலாம். சுண்டு தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வேலை போகவில்லை. எதற்குப் பயந்து அப்படிப் பேசினாளோ அது போகவே இல்லை, அதற்கு அவள் தன் அண்ணியை நடுவாசலில் வைத்து அவமானப்படுத்தியதே சிபாரிசாகிவிட்டது. மேலாளர் சொன்னது ஒரு விஷயத்தில் மட்டும் தப்பு. ஒருத்தர் தப்பை ஒருத்தர் மறைக்கத்தான் செய்திருந்தார்கள். மறைத்தது அண்ணி.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அந்தப் படிக்கட்டில் அவள் கால் தயங்கியது அதுதான் முதல் தடவை. கதவு திறந்தே இருந்தது. அண்ணன் வழக்கம்போல டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாடி சுண்டு!" என்று இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினார். "உங்க அண்ணிக்குத் திடீர்னு முட்டி வலியாம், வேலையை விட்டுட்டா. நீ எவ்வளவோ கெஞ்சினியாமே, இருங்க இருங்கன்னு? இப்படி ஒரு முதலாளி யாருக்குடி கெடைக்கும்னு நானே அவளைத் திட்டினேன்."

அப்படியா சொல்லி வைத்திருக்கிறாள்! சுண்டு நின்ற இடத்தில் கூனிக் குறுகிப் போனாள். சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணி வந்தாள். முட்டி வலிக்கிற நடையாகத் தெரியவில்லை.

"வாங்க," என்றாள்.

அந்த வீட்டில் சுண்டுவை யாரும் வாங்க என்று வரவேற்றதில்லை. வாடி என்பார்கள், வந்துட்டியா என்பார்கள், இப்பதான் வழி தெரிஞ்சுதா என்பார்கள். வாங்க என்பது மீட்டர் பார்க்க வருகிறவருக்கு.

"என்ன வாங்க? வந்திருக்கிறது யாருன்னு பாத்தியா இல்லையா?" என்று அண்ணன் சிரித்தார்.

"வேலை செஞ்ச எடத்துல சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு," என்றாள் அண்ணி. பிறகு சுண்டுவிடம், "உக்காருங்க, டீ போடுறேன்," என்றாள்.

"டீ வேண்டாம் அண்ணி." சுண்டு உட்காரவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணிக்கு முட்டி வலி இல்ல. நான்தான் வேலையை விட்டு அனுப்பினேன். நாலு பேருக்கு முன்னாடி திட்டி அனுப்பினேன். தப்பு செஞ்சது நான், பழியை அவங்க மேல போட்டேன். எங்க அண்ணின்னுகூட அங்க நான் சொல்லல. வேலைக்கு வர்ற அக்கான்னு சொன்னேன்."

அண்ணன் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அணைத்தே விட்டார். மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் ரிமோட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்கு இப்ப அவர்கிட்ட சொல்லிக்கிட்டு?" என்றாள் அண்ணி மெதுவாக. "நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. உங்களுக்கும் நெலைமை அப்படி."

"அந்த 'உங்களுக்கு' வேண்டாம் அண்ணி." சுண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் செய்தது போலக் கையை நீட்டி, அண்ணியின் ஈரமான சுண்டுவிரலைப் பிடித்தாள். "திட்டுங்க, அடிங்க, என்ன வேணா பண்ணுங்க. ஒரே ஒரு தடவை சுண்டுன்னு கூப்பிடுங்க. போதும்."

அண்ணி விரலை உருவிக்கொள்ளவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுண்டுவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். உதட்டைக் குவித்தாள். ஒரு தடவை எச்சில் விழுங்கினாள், மறுபடியும் உதட்டைக் குவித்தாள். கடைசியில், மன்னிப்புக் கேட்கிறவள் போல, நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"வர மாட்டேங்குதுங்க," என்றாள்.